தங்கமா, நிக்கலா, வெள்ளியா: ஆடியோ பின்னுக்கு எந்த முலாம்?

9 ஜூலை 2023
காயல்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"அண்ணாச்சி, வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கும் சிடி பிளேயருக்கும் நடுவில் போட ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள் நானே அடிக்கப் போகிறேன். வயர் வாங்கியாச்சு. பின் வாங்கப் போனால் நிக்கல், தங்கம், வெள்ளி, ரோடியம் என்று நாலு விதம் காட்டுகிறார்கள். தேடிப் பார்த்தால் வெள்ளிதான் மின்சாரத்தை அதிகம் கடத்துகிறது, தங்கம் அதற்குக் கீழே, நிக்கல் ரொம்பவே கீழே. அப்படியானால் வெள்ளிதானே வாங்கணும்? எல்லாரும் தங்கம் தங்கம் என்பது வெறும் விளம்பரமா?"

9 ஜூலை, இரவு
தம்பி பார்த்த அட்டவணை சரியான அட்டவணைதான். தடை எண்ணை நானோ ஓம் மீட்டரில் சொன்னால் வெள்ளி 16, செம்பு 17, தங்கம் 22, ரோடியம் 43, நிக்கல் 70, வெள்ளீயம் 110 பக்கம். ஆனால் இது முழுக் கம்பிக்கான கணக்கு. முலாம் என்பது கம்பி கிடையாது, மைக்ரான் கனத்தில் ஒரு தோல்.

ஒரு சதுர மில்லிமீட்டர் இடத்தில் ஒரு மைக்ரான் கனத்துக்கு நிக்கல் பூசினால், அதைக் குறுக்கே தாண்ட மின்சாரத்துக்கு 70 நானோ ஓம் தடை. அதே கனத்தில் தங்கம் என்றால் 22. ஆனால் இரண்டு பின் தொடும் இடத்தை நிஜமாக அளந்தால் வருவது மில்லி ஓம். நானோ ஓம் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, அட்டவணையில் மூன்று மடங்காகத் தெரிகிற வித்தியாசம் பின்னில் காணாமல் போய்விடுகிறது.

அப்படியானால் அந்த மில்லி ஓம் எங்கிருந்து வருகிறது? வழவழப்பாகத் தெரிகிற பின்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் மேடுபள்ளம்தான். இரண்டு பரப்பும் ஒன்றையொன்று சில மேட்டு நுனிகளில் மட்டும்தான் தொடுகின்றன. அந்த நுனிகள் வழியாக நெருக்கியடித்துப் போவதால் வருகிற தடை அது. சுவீடன்காரர் ராக்னர் ஹோல்ம் போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே இதற்குக் கணக்கு எழுதி வைத்துவிட்டார். அழுத்திப் பிடித்தால் தொடும் இடம் கூடும், தடை குறையும். அதனால் கடையில் பின்னைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்க்காதீர்கள். ஒரு சாக்கெட்டில் சொருகி இழுத்துப் பாருங்கள். நடு முள்ளைச் சுற்றியிருக்கும் வெளி வளையம் இறுகப் பிடிக்கவில்லையென்றால் அதற்கு என்ன முலாம் போட்டிருந்தாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு பக்கம், தொடும் இடத்தில் 10 மில்லி ஓம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் உள்ளீடு 10,000 ஓம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு சத்தம் குறையும். யார் காதுக்கும் அது எட்டாது.

பிறகு முலாம் எதற்கு? அந்த 10 மில்லி ஓம் மூன்று வருஷம் கழித்தும் 10 மில்லி ஓமாகவே இருக்கணும், அதற்குத்தான். நாங்கள் இருப்பது தூத்துக்குடி உப்பளக் காற்றில். எந்த உலோகத்தின் மேல் என்ன படியும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய விஷயம்.

10 ஜூலை
"அவ்வளவு தங்கம் இருந்தால் பின் எப்படி நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டேன். ஒரு ஆர்சிஏ பின்னில் முலாம் ஏறும் பரப்பு ஐந்து சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவுப் பின்னில் தங்கம் 0.1 மைக்ரான் இருந்தாலே அதிகம். அப்படியே வைத்துப் பெருக்கினால் ஒரு பின்னுக்கு ஒரு மில்லிகிராம் வருகிறது. ஒரு பவுன் எட்டு கிராம். எட்டாயிரம் பின் வாங்கிச் சுரண்டினால் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு பவுன் தேறும்.

தொழிற்சாலைத் தரத்துக் கனெக்டர் என்றால் 0.76 மைக்ரான் போடுவார்கள். அதற்கு ஏழு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். விலை ஏறுவது அங்கேதான்.

12 ஜூலை
வீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒரு தடவை சொருகினால் வருஷக்கணக்கில் யாரும் தொடமாட்டோம். அந்த இடத்துக்குத் தங்கம். தங்கம் காற்றோடும் ஈரத்தோடும் எதுவும் செய்யாது, சும்மா இருக்கும். மற்ற உலோகங்களுக்கு அவ்வப்போது சொருகி இழுத்துத் தேய்த்துவிட வேண்டும், அப்போதுதான் மேலே படிந்தது விலகும். யாருமே தொடாத இடத்தில் அந்தச் சேவை கிடைக்காது.

தங்கத்துக்குக் கீழே நிக்கல் அடித்தளம் இருக்கணும், 1.25 முதல் 2.5 மைக்ரான் வரை. பித்தளைமேல் நேராகத் தங்கம் பூசினால் பித்தளையின் செம்பும் துத்தநாகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கத்தை ஊடுருவி மேலே வந்து கறுக்கும். மேலே பார்த்தால் இது தெரியாது. தங்க நிறத்தில் மினுக்குவது எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எல்லாரும் நடு முள்ளையே பார்க்கிறீர்கள். ஆர்சிஏயில் தொல்லை கொடுப்பது வெளி வளையம். இரண்டு கருவிகளும் தனித்தனியாகக் கரண்டில் இருக்கும்போது, அவற்றுக்கு நடுவே கசியும் மின்னோட்டம் கேபிளின் கிரவுண்டு வழியாகத்தான் ஓடும். வளையம் தொடும் இடத்தில் தடை ஏறினால், அந்தக் கசிவு அங்கே ஒரு சின்ன வோல்டேஜை உண்டாக்கும். அது பாட்டோடு சேர்ந்து உள்ளே போய் ஹம்மாகக் கேட்கும். நடு முள்ளில் ஒரு ஓம் கூடினால் ஒன்றும் ஆகாது. வளையத்தில் ஒரு ஓம் கூடினால் காதில் விழும். அதனால் ஒரு பின்னில் முள் மட்டும் தங்கம், வளையம் வெறும் நிக்கல் என்றால், என்னைக் கேட்டால் அது தலைகீழ்.

அப்புறம் ஜோடி. தங்கத்தைத் தங்கத்தோடு, நிக்கலை நிக்கலோடு சேர்ப்பது நல்லது. தங்கப் பின்னை நிக்கல் சாக்கெட்டில் போட்டால் உலகம் அழியாது, வீட்டில் ஓடும். தங்கத்தையும் வெள்ளீயத்தையும் மட்டும் சேர்க்காதீர்கள். வெள்ளீயம் தங்கத்தின்மேல் ஒட்டிக்கொண்டு அங்கேயே ஆக்சைடாகும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். 72 கால் ரேம் பட்டையில் தங்கம், போர்டு சாக்கெட்டில் வெள்ளீயம். கொஞ்ச நாளில் மக்கர். ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் திரும்ப ஓடும். ஊரெல்லாம் அந்த வைத்தியம்தான் நடந்தது, காரணம் யாருக்கும் தெரியாது.

12 ஜூலை, கொஞ்சம் கழித்து
ஒருவர் தனியாகக் கேட்டார்: தங்கத்தின்மேல் ஈயம் (சால்டர்) வைத்தால் ஜாயின்ட் உடைந்துபோகும் என்கிறார்களே? உருகிய ஈயத்தில் தங்கம் சட்டென்று கரையும், உண்மைதான். ஜாயின்டில் தங்கத்தின் எடை மூன்று சதவீதத்தைத் தாண்டினால் அது நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். முழுப் பின்னுக்கே ஒரு மில்லிகிராம், அதில் வயரை ஈயம் வைத்து ஒட்டுகிற கிண்ணத்தில் இருப்பது துளி. கவலை வேண்டாம். கனமான தங்கம் போட்ட ராணுவ ரகக் கனெக்டர் என்றால் முதலில் ஈயம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி புதிதாக வைக்கணும்.

16 ஜூலை
வெள்ளிக்கு வருகிறேன். என்னிடம் இருக்கும் கேனன் பின்களில் (மைக் கேபிளில் வருகிற மூன்று முள் எக்ஸ்எல்ஆர்) பெரும்பாலானவை வெள்ளி முள்தான். நியூட்ரிக் கம்பெனியின் ஒரே எக்ஸ்எக்ஸ் வரிசையில் நிக்கல் ஓட்டுக்கு வெள்ளி முள்ளும், கறுப்பு ஓட்டுக்குத் தங்க முள்ளும் வரும். நான் வெள்ளியைத்தான் எடுப்பேன். மேடையில் தினம் சொருகிக் கழற்றுகிற பின்னில் முள் தானாகவே தேய்ந்து சுத்தமாகிவிடும்.

கறுப்பதுதான் அதன் குணம். வெள்ளிக் கொலுசு வைத்திருக்கிற எந்த வீட்டிலும் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைத் தொட்டு வெள்ளி சல்ஃபைடு ஆகிறது. சாக்கடையிலிருந்து வரும், உப்பங்கழிச் சேற்றிலிருந்து வரும். துளியூண்டு இருந்தாலே போதும்.

ஆனால் எங்கள் மைக் செட் கோடவுனில் ரொம்ப நாள் ஒரு புதிர். இரண்டு பெட்டி கேபிள், ஒரே நாளில் வாங்கியது, ஒரே அறை. ஒரு பெட்டியில் இருந்தவை மட்டும் மூன்றே மாதத்தில் முள்ளெல்லாம் கரிபோல் ஆகிவிடும். மற்றது லேசான பழுப்போடு நிற்கும். அறையின் ஈரமா, சுவர்ப் பக்கமா என்று பெட்டியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். கடைசியில் பார்த்தால், கறுத்த பெட்டிக் கேபிள்களைப் பையன்கள் சுருட்டி சைக்கிள் டியூப் துண்டால் கட்டியிருந்தார்கள். மற்றதைச் சணல் கயிற்றால். டியூப் ரப்பரில் கந்தகம் போட்டுத்தான் வார்க்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் அது மெல்லக் கசிந்து முள்ளைத் தின்றிருக்கிறது. ரப்பருக்குப் பக்கத்தில் இருந்த முள்தான் அதிகம் கறுத்திருந்தது. டியூபைத் தூக்கிப்போட்டுவிட்டு வெல்க்ரோ பட்டைக்கு மாறினோம். பணம் கட்டும் ரப்பர் பேண்டும் இதே கதைதான்.

17 ஜூலை
"வெள்ளி சல்ஃபைடும் மின்சாரம் கடத்துமே, கறுத்தால் என்ன?" என்று மதுரை நண்பர் எழுதியிருக்கிறார். ஓரளவு கடத்தும், மென்மையான படலமும்கூட. அதனால்தான் கறுத்த கேனனைச் சொருகினால் முள் உரசி உள்ளே போகும்போது படலம் கிழிந்து உடனே வேலை செய்கிறது. சொருகி வைத்ததைத் தொடாமலே விட்டால்தான் சிக்கல். ஆக, வீட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வெள்ளி வேண்டாம் என்கிற என் கட்சியை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உப்புக் காற்றில் சல்ஃபைடோடு குளோரைடும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் வேறு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் மூன்றரை ஆம்பியர் ஓடும். அந்த ஓட்டத்துக்கு முன்னால் மெல்லிய படலம் நிற்காது. அங்கே வெள்ளியோ நிக்கலோ தாராளமாகப் போடலாம். இறுக்கம் மட்டும் முக்கியம், லூஸாக இருந்தால் சூடாகும்.

23 ஜூலை
ஆடி மாதம், கோயில் கொடை சீசன். தூக்கம் இல்லை, அதனால் எழுதுவதும் கோணல்மாணலாக இருக்கும்.

மைக் லெவல், அதாவது மைக் தருகிற ரொம்பச் சின்ன சிக்னல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல வருஷத்துக்கு முன்னால், சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஓரமாக ஒரு அம்மன் கோயில் கொடை. வில்லுப்பாட்டு. அண்ணாவி வில்லை வைத்து உட்கார்ந்து காப்புப் பாட ஆரம்பிக்கிறார், குடம் அடிப்பவர் மைக்கில் அடியில் மெல்லிசாக யாரோ பேசுகிறார்கள். ஃபேடரைக் குறைத்தால் போகிறது, ஏற்றினால் வருகிறது. ரேடியோ! தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை. மிக்சரில் ரேடியோ கிடையாது, பக்கத்தில் யாரிடமும் கிடையாது. குடத்து மைக்கின் கேபிளில் ஒரு கேனன் முள்ளில் பச்சையாகப் படிந்திருந்தது. ஆக்சைடு படிந்த இடம் டையோடு மாதிரி ஒரு பக்கமாகக் கடத்தும். நீளமான கேபிள் ஆன்டெனா. இரண்டும் சேர்ந்தால் பழைய கிரிஸ்டல் ரேடியோதான், வேறென்ன.

கேபிளை மாற்றினேன், போய்விட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவருக்குச் சின்ன ஏமாற்றம். அம்மன் ஏதோ சொல்கிறாள் என்று அவர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தக் கேபிளை மல்டிமீட்டரில் வைத்தால் மூன்று முள்ளும் அழகாகப் பீப் அடிக்கிறது. இதுதான் மைக் கேபிளின் வம்பு. மீட்டர் தன் பேட்டரியிலிருந்து கொடுக்கிற வோல்டேஜ் படலத்தைக் குத்திக் கிழித்துவிடும். சாதாரண டைனமிக் மைக் தருவது ஓரிரு மில்லி வோல்ட், ஓடுவது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவு. அதற்குப் படலத்தை உடைக்கிற தெம்பு கிடையாது. மீட்டருக்கு நல்ல கேபிள், மைக்குக்கு அறுந்த கேபிள்.

கண்டென்சர் மைக்குக்கு மிக்சரிலிருந்து கேபிள் வழியாகவே 48 வோல்ட் போகிறது, ஃபேன்டம் என்பது அதைத்தான். சில மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அது பின்னைக் கொஞ்சம் உயிரோடு வைத்திருக்கும். "அப்படியானால் டைனமிக் மைக்குக்கும் ஃபேன்டம் போட்டுவிடலாமே" என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: உதவாது. டைனமிக்கில் இரண்டு முள்ளிலும் ஒரே 48 வோல்ட் நிற்கும், நடுவில் எதுவும் ஓடாது.

24 ஜூலை
கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வீட்டிலேயே பின் தடையை அளக்கிற வழி போட்டிருக்கிறார்: பவர் சப்ளையில் ஒரு ஆம்பியர் ஓடவிட்டு, தொடும் இடத்தின் இரு பக்கமும் வோல்டேஜைப் பார்ப்பது. ஒரு மில்லி வோல்ட் வந்தால் ஒரு மில்லி ஓம். எளிய வழி, நானும் அப்படித்தான் பார்ப்பேன். இறுக்கம் சரியா, ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதற்கு அது போதும்.

ஆனால் நேற்று நான் எழுதினதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு ஆம்பியர் ஓடினால் படலம் காலி. கறுத்த பின்னும் நல்ல மார்க் வாங்கிவிடும். அதனால்தான் கனெக்டர் சோதனை விதியில் திறந்த நிலை வோல்டேஜ் 20 மில்லி வோல்டையும், ஓட்டம் 100 மில்லி ஆம்பியரையும் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு பேட்டரி, நாலைந்து ரெசிஸ்டர் வைத்து அந்த 20 மில்லி வோல்டை வரவழைக்கலாம். அதைப் படிக்க நல்ல மீட்டர் வேண்டும், அதுதான் செலவு.

7 ஆகஸ்ட்
பனிமய மாதா திருவிழா முடிந்தது. ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை ஊரில் எந்த மைக் செட்டும் சும்மா இருக்காது. அதனால்தான் இத்தனை நாள் பதில் இல்லை.

பி-38 ஜாக் பற்றிக் கேட்டவர்களுக்கு: கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் போடுகிற அந்தத் தடித்த ஜாக் 1878இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக வந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொருகிப் பிடுங்கிக்கொண்டே இருக்கிற வேலை. இன்றைக்கும் அதன் குணம் அதுதான், பிடுங்குப்பட வேண்டும். அதற்கு நிக்கல். தங்கம் மெத்து. கோபால்ட் கலந்து கடினமாக்கினாலும் மெல்லிய பூச்சு கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். எங்கள் பக்கம் தேரி மணல் வேறு. சிவப்பாக, மாவுபோல நைசாக இருக்கும், எங்கே போனாலும் கூடவே வந்து சாக்கெட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். சொருகும்போது அதுவே உப்புத்தாள். கிட்டார்க்காரப் பையன் ஒருவனின் தங்க ஜாக்கைப் பார்த்தேன். நுனியில் ஒரு பக்கம் தங்கம் போய் வெள்ளைக் கோடு, அந்தக் கோட்டுக்கு நடுவில் மயிரிழை அகலத்துக்குப் பித்தளை மஞ்சள். நிக்கல் அடித்தளத்தையும் தாண்டிப் போயிருக்கிறது.

வாங்கும்போது ஒரு காந்தம் கொண்டுபோங்கள். படக்கென்று ஒட்டினால் உள்ளே இரும்பு, வேண்டாம். பித்தளைமேல் நிக்கல் என்றால் லேசாக இழுத்ததுபோல் இருக்கும், பிடிக்காது. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. போலிப் பெயர் அடித்த பின்களில் பாதியை இந்தக் காந்தமே காட்டிக்கொடுத்துவிடும்.

8 ஆகஸ்ட்
ரோடியம். நாலு பேர் கேட்டாச்சு, தப்பிக்க முடியாது.

கடினமான உலோகம், கறுக்காது, கீறல் விழாது. வெள்ளைத் தங்க மோதிரம் பளபளப்பதற்கு மேலே பூசுவது இதைத்தான். கனமாகப் பூசினால் வெடிப்பு விடும், அதனால் எப்போதும் மெல்லிசாகத்தான் பூசுவார்கள். ரீட் சுவிட்சில், கண்ணாடிக் குழாய்க்குள் லட்சக்கணக்கான தடவை தட்டிக்கொண்டே இருக்கிற முனைக்கு இது நியாயமான தேர்வு. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வருஷத்துக்கு ஒரு தடவைகூட அசையாத பின்னுக்கு இவ்வளவு கடினம் எதற்கு?

விலையும் பின்னுக்காக ஏறவில்லை. வண்டிப் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்கு உலகம் முழுக்க ரோடியம் போகிறது. 2021 மார்ச்சில் அவுன்ஸ் 29,000 டாலர் பக்கம் போனது, அப்போது தங்கம் 1,700 அளவில்தான். வாங்குகிறவர்கள் "உச்ச ஸ்தாயி தெளிவாகக் கேட்கிறது" என்கிறார்கள். புதுப் பின் சொருகும்போது பழைய சாக்கெட்டில் படிந்திருந்ததும் சேர்ந்து உரசிப் போயிருக்கும். பழைய பின்னையே கழற்றித் திரும்பச் சொருகிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், காசு மிச்சம்.

19 செப்டம்பர்
தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டவருக்கு: தலைக்குத் தடவுங்கள். பின்னில் தடவினால் காறல் எடுத்துப் பிசின்போல ஆகும், தேரி மணல் அதில் ஒட்டி வேறு வரும். வாசலின் கொஞ்சம் தேவலாம், கார் பேட்டரி முனைக்குத் தடவுவதுபோல. மூடிய இடத்துக்கு ஓடும். மேடைக்கு வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்து, நாலு தடவை சொருகி இழுத்தால் போதும். எமரி தாளை மட்டும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். முலாமையே எடுத்துவிட்டுப் பிறகு எந்த முலாம் நல்லது என்று பேசி என்ன பயன்?

11 ஜனவரி 2024
எல்லாரும் நலம். விசாரித்தவர்களுக்கு நன்றி. டிசம்பர் 17, 18 மழை பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இந்த இழையை ஆரம்பித்த தம்பி வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், ஆள்கள் மாடியில் பத்திரமாக இருந்திருக்கிறார்கள். எங்கள் கோடவுனில் கேபிள் பெட்டிகள் அடியில் இருந்தவை, சில நாள் தண்ணீருக்குள்ளேயே கிடந்தன. சாக்கடை, உப்பு, டீசல் எல்லாம் கலந்த தண்ணீர்.

கழுவிக் காயவைத்துத் தரம் பிரித்ததைச் சொல்கிறேன். யாரும் திட்டம் போட்டு இப்படிச் சோதிக்க மாட்டார்கள்.

இரும்பு ஜாக்குகள் தூக்கிப்போட வேண்டியவை. அவை எவ்வளவு இருந்தன என்று தெரிந்தபோதுதான் காந்தத்தை நான் எவ்வளவு தாமதமாகக் கையில் எடுத்தேன் என்பது புரிந்தது. நிக்கல் பித்தளை ஜாக்குகள் மங்கலாகி, அங்கங்கே வெள்ளைத் திட்டு. நல்ல தண்ணீர், ஆல்கஹால், துணி, அவ்வளவுதான், பெரும்பாலும் வேலைக்கு வந்துவிட்டன. வெள்ளிக் கேனன்கள் ஒட்டுமொத்தமாகக் கறுப்பு. பார்த்தால் பயமாக இருந்தது. சொருகி இழுத்ததும் தொடும் தடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து சரியாகிவிட்டன.

எதிர்பாராதது தங்கம். ஒரு கூட்டம் அப்படியே மஞ்சளாக, நேற்று வாங்கியதுபோல. இன்னொரு கூட்டத்தில் பச்சைப் புள்ளிகள், குண்டூசி முனை அளவு, முள் முழுக்க. இவை மலிவு ஃபிளாஷ் தங்கம். அவ்வளவு மெல்லிய பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. உப்புத் தண்ணீர் அந்தத் துளைக்குள் இறங்கினால், மேலே தங்கமும் கீழே பித்தளையும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுகின்றன. தங்கம் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு பித்தளையைக் கரைக்கும். முலாமே இல்லாத வெறும் பித்தளையாக இருந்திருந்தால்கூட எல்லா இடமும் சமமாகக் கறுத்திருக்கும், இப்படிக் குழி விழுந்திருக்காது. ஜூலையில் வீட்டுக்குத் தங்கம் என்று எழுதினேன். அதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கடற்கரையில் இருப்பவர்கள் கனமான தங்கம் வாங்க முடிந்தால் தங்கம், இல்லையென்றால் நல்ல நிக்கலையே வாங்கி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழற்றிச் சொருகுங்கள்.

14 ஜனவரி
பின்னெல்லாம் பிழைத்ததே என்று நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நேற்று ஒரு கேபிளில் ஜாயின்ட் விட்டுப் போயிருந்தது. வெட்டி உரித்தால் உள்ளே செம்பு கறுப்பு. ஈயம் பிடிக்கவே இல்லை, உருண்டை உருண்டையாக உதிர்கிறது. ஒரு அடி வெட்டினேன், கறுப்பு. இன்னொரு அடி வெட்டினேன், அப்போதும் கறுப்பு. பின்னுக்குள் புகுந்த தண்ணீரை இழைகள் திரிபோல உறிஞ்சி உள்ளே கொண்டுபோயிருக்கின்றன. மேலே பிவிசி உறை பார்க்கப் புதிதாகவே இருக்கிறது.

ஆக, இந்த வாரம் வேலை இதுதான்: பின்னை ஒவ்வொன்றாகக் கழற்றுவது, கிண்ணத்தில் பழைய ஈயத்தை உறிஞ்சுவது, கேபிளைச் சிவப்புச் செம்பு தெரியும்வரை வெட்டுவது. இருபது மீட்டர் கேபிள் பல பதினைந்து மீட்டராக வந்து நிற்கின்றன. திரும்பப் போடும்போது ஈயம் வைத்த இடத்துக்கு உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுகிறோம். சாதாரண ஸ்லீவ் தண்ணீரை நிறுத்தாது, இந்தப் பசை உருகி இழைகளைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். மூன்று மடங்கு விலை. ரோலாகக் கிடைக்கிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், 6 மில்லிமீட்டர்.